அப்டேட் அடம் பிடிக்கிறதா? அணைத்துவிடாதீர்கள்!

“தம்பி, இந்தக் கம்ப்யூட்டர் தினமும் ஏதோ ஏத்துறேன்னு சொல்லுது. காலையில வந்து பார்த்தா முடியலன்னு காட்டுது. சாயங்காலம் மறுபடியும் அதே கதை. இந்த அப்டேட்ட ஒரேயடியா நிறுத்திட முடியாதா?”

2025 பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் இப்படிக் கேட்டவர், பெட்டாலிங் ஜெயா பழைய நகரில் ஒரு லாரி நிறுவனத்தில் நெடுநாளாகக் கணக்குப் பார்க்கும் அக்கா. அவருடைய அவசரம் எனக்குப் புரிந்தது. மாதக் கடைசிக்குள் ஊழியர் அனைவருக்கும் ஈஏ படிவம் கொடுத்தாக வேண்டும். சம்பளம், ஊழியர் சேமநிதி, சொக்சோ பிடித்தம் எல்லாம் ஒரே எக்செல் கோப்பில் இருக்கின்றன. கணினியில் இருப்பதோ ஆபிஸ் 2016.

நிறுத்தும் வழியைச் சொல்ல அரை நிமிடம் போதும். நான் சொல்லவில்லை. “சனிக்கிழமை வரேன்க்கா. அதுவரைக்கும் யாரையும் கை வைக்க விடாதீங்க. அந்த எக்செல் கோப்ப மட்டும் ஒரு பென்டிரைவ்ல எடுத்து வச்சிருங்க” என்றேன்.

பழைய ஆபிஸில் பாதுகாப்பு அப்டேட் ஏறவில்லை என்றால், உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆண்டு மட்டும் தெரிந்தால் போதாது. 2013, 2016 இரண்டுமே இரு விதமாக வந்தவை. தனிநபர் வாங்கியது பெரும்பாலும் ‘கிளிக் டு ரன்’ வகை. அது தன் அப்டேட்டைத் தானே இணையத்திலிருந்து கொண்டு வந்துவிடும். நிறுவனங்கள் மொத்த உரிமமாக வாங்கியது ‘எம்எஸ்ஐ’ வகை. அதற்கு விண்டோஸ் அப்டேட் வழியாகத்தான் வரும். வேர்டைத் திறந்து ‘ஃபைல்’, பிறகு ‘அக்கவுண்ட்’ போய்ப் பாருங்கள். ‘அப்டேட் ஆப்ஷன்ஸ்’ என்ற பொத்தான் இருந்தால் முதல் வகை. இல்லையென்றால் அநேகமாக இரண்டாவது.

இது தெரியாமல் எத்தனையோ பேர் மைக்ரோசாப்ட் தளத்தில் கேபி எண் போட்ட கோப்பைத் தேடி இறக்கி ஓட்டிப் பார்க்கிறார்கள். ‘இதற்குரிய மென்பொருள் எதுவும் இந்தக் கணினியில் இல்லை’ என்று பதில் வருகிறது. எக்செல் கண் முன்னே திறந்து கிடக்கும்போது இப்படிச் சொன்னால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் கணினி பொய் சொல்லவில்லை. இறக்கிய கோப்பு எம்எஸ்ஐ வகைக்கு உரியது, உங்களிடம் இருப்பது கிளிக் டு ரன். அல்லது கோப்பு 64 பிட், உங்கள் ஆபிஸ் 32 பிட். விண்டோஸ் 64 பிட் என்பதால் ஆபிஸும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய ஆபிஸ் பெரும்பாலும் 32 பிட்டாகவே போடப்பட்டது. இன்னும் 2010 வைத்திருப்பவர்களுக்கு சர்வீஸ் பேக் 2, 2013 வைத்திருப்பவர்களுக்கு சர்வீஸ் பேக் 1 ஏறியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பிற்பாடு வந்த அப்டேட் ஏறாது.

சில்லறைக் காரணங்களும் உண்டு. விண்டோஸ் அப்டேட்டின் ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் மற்ற மைக்ரோசாப்ட் மென்பொருள்களுக்கும் அப்டேட் வேண்டும் என்ற இடம் அணைந்திருந்தால் எம்எஸ்ஐ வகை ஆபிஸுக்கு ஒன்றும் வராது. கணினியின் தேதி பல ஆண்டு பின்னால் போயிருந்தால் பாதுகாப்பான இணையத் தொடர்பே அமையாது. பழைய கணினிகளில் உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துபோவதுதான் இதற்கு வழக்கமான காரணம். சில வெள்ளி செலவில் தீரும் வேலை. சி டிரைவில் இடம் இல்லை என்றாலும் பாதியில் நிற்கும்.

அக்காவின் கணினியில் இவை எதுவும் இல்லை. எம்எஸ்ஐ வகை, 32 பிட், தேதி சரி. சனிக்கிழமை நான் பார்த்தபோது 80070643 என்று முடியும் பிழை எண் வரிசையாக நின்றது. நிறுவும் வேலை தோற்றது என்பதற்கு மேல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. காய்ச்சல் என்று சொல்வது போலத்தான், என்ன நோய் என்று தெரியாது. என் கண்ணில் பட்டது வேறொன்று. இத்தனை ஆண்டு ஓடிய கணினியின் சி டிரைவில் இவ்வளவு காலி இடமா?

“தீபாவளிக்கு முன்னாடி ரொம்ப மெதுவா இருந்துச்சுன்னு கடைக்கு அனுப்பினோம். கிளீன் பண்ணிக் கொடுத்தாங்க” என்றார்.

கதை அங்கேதான் இருந்தது. விண்டோஸ் அடைவுக்குள் ‘இன்ஸ்டாலர்’ என்று ஓர் உள்ளடைவு மறைந்திருக்கும். பல ஜிகாபைட் பிடித்துக்கொண்டு, பார்ப்பதற்குக் குப்பை போலவே இருக்கும். கோப்புகளின் பெயர்களும் எண்ணும் எழுத்துமாக அர்த்தமில்லாமல் தெரியும். இடம் மிச்சப்படுத்தக் கிளம்புகிறவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். ஆனால் எம்எஸ்ஐ வகை மென்பொருள் ஒவ்வொன்றின் மூலப் பதிவும் அங்கேதான் இருக்கிறது. புதிதாக அப்டேட் வரும்போது விண்டோஸ் அந்தப் பதிவை எடுத்து, எந்தப் பகுதியை மாற்றுவது என்று ஒப்பிட்டுப் பார்க்கும். பதிவு இல்லையென்றால் ஒப்பிட ஒன்றும் இல்லை. அப்டேட் தோற்கும், அடுத்த நாள் மறுபடி முயலும், மறுபடி தோற்கும். சி டிரைவில் ‘எம்எஸ்ஓகேஷ்’ என்ற இன்னொரு மறைவான அடைவும் அழிக்கப்பட்டிருந்தது. ஆபிஸ் தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ளத் தேவையான சரக்கு அதில்தான் இருக்கும்.

சுத்தம் செய்தவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆபிஸ் அன்றைக்கு வழக்கம்போலத் திறந்தது, வேகமும் கூடியது. பழுது தெரிய நாளானதால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

நல்லவேளை, ஆபிஸ் வாங்கியபோது கொடுத்த மூல நிறுவல் கோப்பை உரிம எண்ணோடு மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்தார் அக்கா. முதலில் பழையதை நீக்க வேண்டும். கன்ட்ரோல் பேனலில் நீக்கப் பார்த்தால் அதுவும் மூலப் பதிவைக் கேட்டு அடம் பிடித்தது. இப்படிச் சிக்கிக்கொண்டதை அவிழ்க்கவே மைக்ரோசாப்ட் ஓர் இலவசக் கருவி கொடுக்கிறது; நிறுவவும் நீக்கவும் முடியாமல் தவிக்கும் மென்பொருளுக்கானது. அதை ஓட்டி நீக்கினோம். திரும்ப நிறுவினோம். அப்டேட்டுகள் வரிசையாக இறங்கின, இரண்டு முறை மூடித் திறந்தோம். மதியச் சாப்பாட்டுக்கு முன் தொடங்கியது, மாலைத் தேநீருக்கு முடிந்தது. ஈஏ படிவமும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கிளிக் டு ரன் வகையாக இருந்தால் இவ்வளவு பாடு இல்லை. கன்ட்ரோல் பேனலில் ஆபிஸைத் தேர்ந்து ‘சேஞ்ச்’ அழுத்தினால் ‘குயிக் ரிப்பேர்’, ‘ஆன்லைன் ரிப்பேர்’ என்று இரண்டு வரும. முதலாவது சில நிமிட வேலை. அது உதவாவிட்டால் இரண்டாவது முழுவதையும் புதிதாக இறக்கிப் போடும்.

இனி, அப்டேட்டே கோளாறாக இருந்தால்? அதுவும் நடந்திருக்கிறது. 2014 டிசம்பரில் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, எக்செல் தாளில் பொத்தான் வைத்து வேலை செய்தவர்களுக்குப் பல இடங்களில் பொத்தான்கள் செத்துப்போயின. தற்காலிக அடைவில் கிடந்த ஈஎக்ஸ்டி என்று முடியும் பழைய கோப்புகளை அழித்ததும் உயிர் வந்தது. அண்மைய உதாரணம், 2025 ஏப்ரல் 8 அன்று ஆபிஸ் 2016-க்கு வந்த கேபி 5002700. அதை ஏற்றிய சிலருக்கு வேர்டும் எக்செலும் உறைந்து நின்றன. இரண்டே நாளில், ஏப்ரல் 10 அன்று, கேபி 5002623 என்ற மாற்று வந்தது.

இப்படி நேர்ந்தால் அந்த ஒரு அப்டேட்டை மட்டும் கன்ட்ரோல் பேனலின் ‘வியூ இன்ஸ்டால்டு அப்டேட்ஸ்’ பட்டியலிலிருந்து நீக்குங்கள். இது எம்எஸ்ஐ வகைக்கு மட்டும். பிறகு விண்டோஸ் அப்டேட்டை ஏழு நாள் ஒத்திப்போடும் வசதியைப் பயன்படுத்துங்கள். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்காவில் வெளியாகும் அப்டேட் நமக்குப் புதன் விடியற்காலையில் வந்து சேர்கிறது. சம்பளம் போடும் அலுவலகம் நாலைந்து நாள் பொறுத்து, வார இறுதியில் ஏற்றினால் ஒன்றும் குறையாது. ஒத்திப்போடுவது வேறு, அடியோடு அணைப்பது வேறு. அணைத்தவர்கள் திரும்பப் போட மறந்துவிடுகிறார்கள்.

மறந்தால் என்ன ஆகும்? வேர்டில் கணிதச் சமன்பாடு எழுத ‘ஈக்வேஷன் எடிட்டர்’ என்ற சிறிய துணை நிரல் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. அதில் 17 ஆண்டுகளாக ஓர் ஓட்டை இருந்ததை 2017-இல்தான் கண்டுபிடித்தார்கள். ஆபிஸ் 2007 முதல் 2016 வரை எல்லாவற்றிலும் அது இருந்தது. மேக்ரோ எதையும் இயக்கத் தேவையில்லை. மின்னஞ்சலில் வந்த ஆவணத்தைத் திறந்து ‘எனேபிள் எடிட்டிங்’ அழுத்தினாலே போதும், உள்ளிருக்கும் தீநிரல் ஓடிவிடும். 2017 நவம்பரில் அடைத்தார்கள். 2018 ஜனவரியில் அந்தத் துணை நிரலையே எடுத்துவிட்டார்கள். பழைய கணித வினாத்தாளைத் திருத்தப் போன ஆசிரியர்களுக்குச் சமன்பாடு திறக்காமல் போனது இதனால்தான். ஓட்டை அடைபட்ட பிறகும் பல ஆண்டுகள் குற்றவாளிகள் அதையே பயன்படுத்தினார்கள். விலைப்பட்டியல், சரக்கு ரசீது என்ற பெயர்களில் கோப்புகள் வந்துகொண்டே இருந்தன. அப்டேட்டை அணைத்துவிட்ட கணக்குப் பிரிவுகள் இருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியும்.

அப்படி ஏதாவது திறந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால் முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 பிரிவை 1-300-88-2999 என்ற எண்ணில் அழைக்கலாம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 997.

இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஆபிஸ் 2010-க்கு 2020 அக்டோபர் 13, 2013-க்கு 2023 ஏப்ரல் 11, 2016-க்கும் 2019-க்கும் 2025 அக்டோபர் 14. இந்தத் தேதிகளோடு ஆதரவு முடிந்துவிட்டது. மாதாமாதம் வந்த அப்டேட்டை இனி எதிர்பார்க்க முடியாது. அதே அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்தது. அதற்குக் கூடுதல் காலப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று உண்டு. ஆனால் அது விண்டோஸுக்கு மட்டும்தான், அதில் சேர்ந்தால் ஆபிஸும் சேர்ந்துவிடும் என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

மாற்று வழிகளில் ஆபிஸ் 2024-க்கு 2029 அக்டோபர் 9 வரை ஆதரவு உண்டு, ஒரு முறை காசு கொடுத்தால் போதும். மைக்ரோசாப்ட் 365 என்றால் சந்தா. கடிதமும் சாதாரணக் கணக்கும் மட்டும் போடுகிற வீடுகளுக்கு இலவச லிப்ரே ஆபிஸே போதும் என்பது என் கருத்து. மேக்ரோ நிறைந்த சம்பளக் கோப்புக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மிக மலிவாக ‘ஆக்டிவேட் செய்த’ ஆபிஸ் விற்கிறார்களே, அதில் அப்டேட் அணைந்தே வரலாம், பக்கத்தில் போகாதீர்கள்.

கோயில் நிர்வாகங்களிலும் சங்கங்களிலும் பழைய வேர்டை விடாமல் வைத்திருப்பதற்கு வேறொரு காரணம் சொல்கிறார்கள். யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த தமிழ் ஆவணங்கள் கெட்டுவிடுமாம். எழுத்துரு கணினியில் இருக்கும்வரை புதிய வேர்டிலும் அவை தெரியும். அந்த எழுத்துருக் கோப்புகளை மட்டும் பழைய கணினியிலிருந்து மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

லாரி நிறுவனத்தில் புதுக் கணினி வந்துவிட்டது. பழையது இணையக் கம்பி இல்லாமல் மூலையில் இருக்கிறது, முந்தைய ஆண்டுக் கணக்குகளைப் பார்க்க மட்டும். ஈஏ படிவ நேரம் வருமுன் சம்பளக் கோப்பைப் புதியதில் ஓட்டிப் பார்க்க அடுத்த சனிக்கிழமை போகிறேன். அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அந்தப் பொத்தானெல்லாம் அதே இடத்துல இருக்கும்ல தம்பி?”