எந்தப் பிள்ளையிடம் முதலில் ஓடுவது?



இந்த மாதம் உல்லாசக் கப்பலைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "இவவுக்கு என்ன நடந்தது?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. எங்களில் பலருக்குத் தெரிந்த கப்பல் ஒன்றுதான். 2009ஆம் ஆண்டு பெப்ரவரி தொடக்கம் மே வரை புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் பக்கத்துக் கரையிலிருந்து காயப்பட்டவர்களை ஏற்றிச் சென்ற கப்பல். நான் சொல்ல வந்த கதை அந்தக் கப்பலில் தொடங்கி இன்னொரு கப்பலுக்குப் போகிறது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

என் சின்னம்மாவின் மகளுக்கு அப்போது பதினேழு வயது. ஷெல் பட்டுக் காயப்பட்ட சின்னம்மா கப்பலேறியபோது கைக்குழந்தையாக இருந்த கடைசித் தம்பி தாயோடு போனான். இவளும் ஆறு வயதுத் தம்பியும் கரையில் நின்றார்கள். அதன் பிறகு மே மாதம் வரை அந்தத் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு பங்கர் பங்கராகத் திரிந்தாள். முகாமில் தாயைத் திரும்பக் காணப் பல மாதங்கள் சென்றன. இன்று எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். அவள் மணமுடித்துக் கனடாவில் இருக்கிறாள். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து வயது.

2025 மார்ச் பாடசாலை விடுமுறையில் அவளுடைய கணவனின் அண்ணன் குடும்பத்தோடு புளோரிடாவிலிருந்து ஏழு நாள் கப்பல் பயணம் ஒன்று போனார்கள். கப்பலேறிய அன்று இங்கே எங்களுக்கு இரவு பத்து மணி. வட்ஸ்அப்பில் அழைத்தாள்.

"அக்கா, பிள்ளையளைப் பிரிக்கப் போறாங்கள்."

"ஆர் பிரிக்கிறது? என்ன விசயம்?"

"இங்க சிறுவர் கழகம் ஒண்டு இருக்கு. பெரியாக்கள் சாப்பிட, சுத்திப் பார்க்கப் போகேக்க பிள்ளையளை அங்க விடலாம். ஆனா வயசு வயசாப் பிரிச்சு வேற வேற அறையில விடுவினமாம். மகள் ஒரு இடம், மகன் ஒரு இடம். ஏதும் நடந்தா நான் ஆரிட்ட முதல் ஓடுறது?"

சகோதரிகளே, அந்தக் கேள்வியை எங்களைவிட வேறு யார் விளங்கிக்கொள்வார்கள்? நான் உடனே பதில் சொல்லவில்லை. அவளுக்குக் கொடுத்த தாள்களைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். இருவரும் சேர்ந்து வாசித்தோம்.

குடும்பங்களை ஏற்றும் பெரிய கப்பல்களில் பிள்ளைகளுக்கென்று தனி இடம் இருப்பது இன்று வழமை. டிஸ்னி நிறுவனம் 1998இல் தன் முதற்கப்பலை ஓட விட்டபோது ஏறக்குறைய ஒரு தளம் முழுவதையுமே பிள்ளைகளுக்கு ஒதுக்கியது. இந்தக் கழகங்களில் பிள்ளைகளை வயதின்படி பிரிக்கிறார்கள். கார்னிவல் கப்பல்களில் 2 முதல் 5 வரை, 6 முதல் 8 வரை, 9 முதல் 11 வரை என மூன்று குழுக்கள். அதற்கு மேல் 12 முதல் 14 வரையும் 15 முதல் 17 வரையும் வேறு இரண்டு. நோர்வீஜியன் கப்பல்களிலோ 3 முதல் 5, 6 முதல் 9, 10 முதல் 12 என்று பிரித்து, 13 வயதிலிருந்து பதின்ம வயதினர் கழகத்தில் சேர்க்கிறார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு கப்பலில் தன் குழுவிலேயே சின்னவள். மற்றக் கப்பலில் தன் குழுவிலேயே பெரியவள். பிள்ளை ஒன்றுதான், கோடுதான் இடம் மாறுகிறது. ஆகவே இந்தக் கோடு இயற்கை போட்ட கோடல்ல, நிர்வாகம் போட்ட கோடு. ஆனால் கோடே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. அதற்கு நியாயம் இருக்கிறது.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஜோர்ஜ் ஹேர்பட் மீட் என்ற அமெரிக்க அறிஞரைப் பற்றிப் படித்தேன். அவர் இறந்த பின் 1934இல் வெளிவந்த அவரது விரிவுரைகளில் பிள்ளைகளின் விளையாட்டை இரண்டு படிகளாகப் பிரிக்கிறார். அதை எங்கள் முற்றத்து உதாரணத்தில் சொல்கிறேன். நாலு வயதுப் பிள்ளை சிரட்டையில் மண்சோறு ஆக்குகிறது. ஒரு நேரம் அது அம்மா, கொஞ்ச நேரத்தில் கடைக்காரர், பிறகு ரீச்சர். ஒரு நேரத்தில் ஒரு வேடம்தான். பத்து வயதுப் பிள்ளை கிளித்தட்டு விளையாடுகிறது. கிளி எங்கே ஓடுகிறது, தட்டு மறிப்பவர் எந்தப் பக்கம் பாய்வார், தன் பக்கத்துப் பிள்ளை எந்தப் பெட்டியில் நிற்கிறது என்று எல்லோருடைய இடத்தையும் அது ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க வேண்டும். மற்றவர் கண்ணால் பார்க்கவும் விதிக்குக் கட்டுப்படவும் பிள்ளை பழகுவது இப்படித்தான்.

நாலு வயதுப் பிள்ளையைக் கிளித்தட்டுக்குள் விட்டால் அது அழும். பத்து வயதுப் பிள்ளையைச் சிரட்டையோடு இருத்தினால் அது விளையாடாது, சின்னவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். வயதுக் குழு எதற்கு என்று கேட்டால் இதுதான் பதில். சிறுவர் உரிமைகள் பற்றிய 1989ஆம் ஆண்டின் ஐ.நா. சமவாயத்தின் 31ஆவது உறுப்புரையும் பிள்ளையின் வயதுக்கு ஏற்ற விளையாட்டு அதன் உரிமை என்றுதான் சொல்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது.

சரி, அவளுடைய கேள்விக்கு வருவோம். ஏதும் நடந்தால்?

2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கொஸ்டா கொன்கோர்டியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சரிந்தது. 32 பேர் இறந்தார்கள். புதிதாக ஏறிய பயணிகள் பலருக்கு அதுவரை பாதுகாப்புப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பின் சர்வதேச விதி திருத்தப்பட்டது. 2015 ஜனவரி முதல், கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ அந்தப் பயிற்சி நடந்தாக வேண்டும். ஆபத்தில் எந்தக் குடும்பம் எந்த இடத்தில் கூட வேண்டும் என்று அப்போது காட்டுகிறார்கள். அந்த இடத்தின் இலக்கம் எழுதிய பட்டியைச் சின்னப் பிள்ளைகளின் கையில் கட்டிவிடுகிறார்கள்.

"மணி அடிச்சா நீ பிள்ளையளைத் தேடி ஓட வேண்டியதில்லை. பொறுப்பான ஆள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வருவார். எங்க வந்து சேருவினம் எண்டு இப்பவே கேட்டுப் போய்ப் பார்" என்றேன். கணவனோடு போய், அந்த இடத்தைக் கண்ணால் கண்டுவிட்டு வந்தாள். பிள்ளையை யார் திரும்ப எடுக்கலாம் என்ற பட்டியலில் தன் பெயரையும் கணவனின் பெயரையும் மட்டும் கொடுத்தாள். ஒவ்வாத உணவையும் எழுதிக் கொடுத்தாள். அவளுடைய மூச்சுக் கொஞ்சம் இறங்கியது.

ஆனாலும் பிரிக்க மனம் வரவில்லை. அந்தக் கப்பலில் சின்னப் பிள்ளையை மேற்குழுவில் ஏற்ற மாட்டார்களாம். பெரிய பிள்ளை விரும்பினால் கீழ்க்குழுவில் இருக்கலாமாம். அப்படியே மகளைத் தம்பியோடு விட்டாள். அடுத்த நாள் இரவு பெருமையாகச் சொன்னாள்:

"அக்கா, மகள் நல்ல கெட்டிக்காரி. தம்பிக்கு மட்டுமில்லை, மற்றச் சின்னனுகளுக்கும் வர்ணப் போத்தில் திறந்து குடுக்கிறாளாம், மூக்குத் துடைச்சு விடுறாளாம். நல்ல உதவி எண்டு அங்க நிக்கிற பிள்ளை சொன்னவ."

எனக்கு எங்கோ குத்தியது. "அவள் விளையாடினவளா?" என்று கேட்டேன்.

மறுமுனையில் சத்தமில்லை.

"நீ பதினேழு வயசில தம்பியைத் தூக்கினாய். அது வேற காலம். அவளுக்கு ஒன்பது வயசு, இப்ப சண்டையும் இல்லை. ஒருக்கா அவளிட்டயே கேட்டுப் பார். நாளைக்கு எங்க இருக்க விருப்பம் எண்டு கேள்."

கேட்டாளாம். மகள் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி, "தம்பி அழ மாட்டானெண்டா நான் பெரியாக்களின்ர அறைக்குப் போகட்டா?" என்றாளாம். தம்பி அழத்தான் செய்தான். அரை மணி நேரம் அழுதான். பிறகு வேறொரு பையனோடு சேர்ந்து பெட்டிகளை அடுக்கி விழுத்தத் தொடங்கினான். மகள் தன் வயதுப் பிள்ளைகளோடு குழுவாகப் போட்டி விளையாடித் தோற்று, கோபித்து, மறுபடியும் விளையாடினாள். அன்றிரவு படுக்கையில் தாயிடம் சொன்னாளாம்:

"அம்மா, இண்டைக்கு ஒருத்தரும் என்னட்டத் தம்பி எங்க எண்டு கேக்கேல்லை."

இதைச் சொல்லும்போது என் தங்கை அழுதுவிட்டாள். நானும்தான். வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை மகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறாள் என்று அவள் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

அந்த அழைப்புக்குப் பிறகு நான் சனிக்கிழமைகளில் போகும் கிராமத்துச் சிறுவர் கழகத்தை வேறு கண்ணால் பார்த்தேன். அங்கே நாலு வயதும் பதினான்கு வயதும் ஒரே கூட்டம். கிளித்தட்டுக் கோட்டுக்கு வெளியே, இடுப்பில் தங்கச்சியோடு ஒரு பதினொரு வயதுப் பிள்ளை எப்போதும் நிற்கும். "பொறுப்பான பிள்ளை" என்று நான் எத்தனையோ தடவை பாராட்டியிருக்கிறேன். அந்தப் பாராட்டாலேயே அவளைக் கோட்டுக்கு வெளியில் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

தாய்மாரோடு கதைத்தோம். கப்பலில் உள்ளது போல அறைகள் எங்களிடம் இல்லை. மூன்று பாய்களும் ஒரு மாமர நிழலும் இருந்தன. ஐந்து வயது வரை ஒன்று, ஆறு முதல் ஒன்பது வரை ஒன்று, பத்துக்கு மேல் ஒன்று. சின்னவர்களின் பாயில் இரண்டு தாய்மார் முறை வைத்து இருக்கிறார்கள். கடைசி அரை மணி நேரம் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து பாட்டுப் பாடி முடிக்கிறோம். இரண்டாவது வாரம் அந்தப் பிள்ளை தங்கச்சியைப் பாயில் இருத்திவிட்டுக் கிளித்தட்டுக்குள் இறங்கினாள். அவளுடைய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

ஆனால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது அனா பிராய்ட், டொரதி பேர்லிங்ஹாம் என்ற இரு பெண்கள் லண்டனில் ஹாம்ஸ்டெட் பகுதியில் போரால் குடும்பத்தைப் பிரிந்த பிள்ளைகளுக்கான இல்லங்களை 1941 முதல் 1945 வரை நடத்தினார்கள். முதலில் பிள்ளைகளைப் பெரிய குழுக்களாகவே பராமரித்தார்கள். பிள்ளைகள் ஒரு சொந்த ஆளுக்கு ஏங்குவதைக் கண்டு, பின்னர் நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரு தாய் போன்ற பெண் என்று சின்னச் சின்னக் குடும்பங்களாக மாற்றினார்கள். விளையாட்டுக்கு ஒத்த வயது நல்லது. பயந்த பிள்ளைக்குத் தன் ஆள்தான் வேண்டும். கப்பலிலும் பாருங்கள், பிள்ளைகள் சில மணி நேரம்தான் கழகத்தில்; இரவில் தாய் தகப்பனோடு ஒரே அறையில் படுக்கிறார்கள்.

எங்கள் கழகத்தில் தாயை இழந்த ஒரு அண்ணனும் தங்கையும் இருக்கிறார்கள். அவர்களைப் பிரிக்கவில்லை. அண்ணனைச் சின்னவர்களின் பாயோடு ஒட்டி இருக்கவிட்டோம். இப்போது தங்கை திரும்பிப் பார்த்தால் தெரியும் தூரத்தில் அவன் விளையாடுகிறான். அந்தத் தூரம் மெல்ல மெல்லக் கூடும். கோடு எங்கள் கையில் இருக்கிறது. அவர்களுக்காக அதை வளைக்கலாம்.

ஆகவே சகோதரிகளே, பிள்ளையை எங்கே விட்டாலும், முன்பள்ளியோ கழகமோ அயல் வீடோ, மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளைக்குப் பொறுப்பான ஆள் யார்? பிள்ளையைத் திரும்ப எடுக்க யாருக்கு அனுமதி? ஏதும் நடந்தால் பிள்ளையை எந்த இடத்தில் காண்பேன்? இவற்றைக் கேட்பது சந்தேகமல்ல, உங்கள் உரிமை. பதில் தெரிந்தால் உங்கள் நெஞ்சும் கொஞ்சம் ஆறும்.

நாலாவது கேள்வியை உங்கள் மூத்த மகளிடம் கேளுங்கள். "உனக்கு என்ன விளையாட விருப்பம்?" அவள் உடனே பதில் சொல்லாமல் உங்கள் முகத்தைப் பார்க்கக்கூடும். பொறுத்திருங்கள். இந்த வாரம் ஒரு மணி நேரமாவது சின்னவனை உங்கள் மடியில் வாங்கிக்கொண்டு அவளை வெளியே விடுங்கள். அந்த ஒரு மணி நேரமும் "தம்பி எங்கே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் சகோதரி