உலகக் கட்டுச்சோறு: ஹவாயின் முசுபி

இரவு ஷிஃப்ட் வேலைக்குப் போகிற பிள்ளையைப் பெற்ற அம்மாக்களுக்கு இந்தக் கதை தெரியும். கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸ் மூடிகூடத் திறக்காமல் காலையில் வீடு திரும்பும். கேட்டால், "உட்கார்ந்து பிசைஞ்சு சாப்பிட நேரம் எங்கேம்மா? ஒரு கை எப்பவும் மவுஸ்லயே இருக்கு" என்பான் என் மகன். அப்புறம் ராத்திரி 2 மணிக்குப் பரோட்டா ஆர்டர். போன மாதம் வயிற்றெரிச்சலோடு வந்து சுருண்டு படுத்தவனைப் பார்த்த பிறகுதான், ஒரு கையால் சாப்பிடக்கூடிய கட்டுச்சோறு எந்த ஊரிலாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன். பசிபிக் பெருங்கடலுக்கு நடுவே, ஹவாய் தீவுகளில் கிடைத்தது.

அதன் பெயர் ஸ்பாம் முசுபி. செங்கல் வடிவில் அழுத்திய சோறு, அதன்மேல் வறுத்த டின் கறித் துண்டு, இரண்டையும் சுற்றி நோரி எனப்படும் கருநிறக் கடல்பாசித் தாள். ஜப்பான் மொழியில் 'முசுபு' என்றால் கட்டுவது, முடிச்சுப் போடுவது. ஆக, அவர்களுக்கும் அது கட்டுச்சோறுதான்!

1885 முதல் ஜப்பானியர்கள் பெருங்கூட்டமாக ஒப்பந்தக் கூலிகளாய் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தார்கள். சோற்றை உருட்டிப் பிடித்துக் கட்டிப்போகும் பழக்கமும் கூடவே வந்தது. ஸ்பாம் என்ற டின் கறி 1937-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஹார்மெல் நிறுவனம் கொண்டுவந்தது. பெரும்பகுதி பன்றி இறைச்சி. ஃப்ரிட்ஜ் இல்லாமலே கெடாது என்பதால், இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்கு மலை மலையாக அனுப்பினார்கள். படை முகாம்கள் நிறைந்த ஹவாயில் அது வீட்டு அடுப்படிக்கும் வந்து நிலைத்துவிட்டது. இன்றைய முசுபியை 1980-களின் தொடக்கத்தில் பிரபலமாக்கியவர் என்று காவாய் தீவைச் சேர்ந்த பார்பரா ஃபுனமுராவைப் பலரும் சொல்கிறார்கள். இப்போது அங்கே பெட்ரோல் பங்க் கடையில்கூடச் சூடாகக் கிடைக்கிறது.

"டின்ல அடைச்ச கறியையா திங்கிறாங்க?" என்று என் மாமியார் முகம் சுளித்தார். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால், கம்பங்கூழையும் கேழ்வரகுக் களியையும் 'இல்லாதவங்க சாப்பாடு' என்று ஒதுக்கிய காலம் நம்மிடமும் இருந்ததே! கைக்குக் கிடைத்ததை வைத்துப் பிள்ளைகளுக்கு ருசியாகக் கொடுத்த வீடுகளின் சாப்பாடு இது. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

சரி, செய்முறைக்கு வருவோம்.

தேவையானவை (8 முசுபிக்கு): ஜப்பானிய குட்டை அரிசி 2 கப், நோரி தாள் 4, ஸ்பாம் டின் 1 (340 கிராம்), சோயா சாஸ் 2 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன்.

செய்முறை: அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை களைந்து, அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டரைக் கப் தண்ணீரில் குழையாமல் வேகவிடுங்கள். பாஸ்மதி வேண்டாம், பொன்னியும் வேண்டாம். நான் முதல் தடவை பொன்னியில் செய்து, முசுபி கையிலேயே உதிர்ந்து உப்புமாவாகிவிட்டது. கறியை 8 துண்டாக வெட்டி, எண்ணெய் விடாமல் இருபுறமும் சிவக்க வறுங்கள். சோயா சாஸையும் சர்க்கரையையும் கலந்து ஊற்றி, பாகுபோல் ஒட்டிக்கொண்டதும் இறக்கிவிடுங்கள்.

தனி அச்சு வாங்க வேண்டியதில்லை. காலி ஸ்பாம் டின்னே அச்சு. கழுவி, உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்து (விளிம்பு கையைக் கிழிக்கும், ஜாக்கிரதை), அரை கப்புக்குச் சற்று அதிகமாகச் சோறு போட்டு அழுத்தி, தாளோடு தூக்கி எடுங்கள். நோரியை நீளவாக்கில் இரண்டாகக் கத்தரித்து, சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். நடுவே சோறு, அதன்மேல் கறி. இறுக்கிச் சுற்றி, ஓரத்தில் ஈர விரலால் தடவினால் ஒட்டிக்கொள்ளும். நோன்புக்கு இனிப்பு காய்ச்சும் கடல்பாசி வேறு; கடையில் நோரி என்றே கேளுங்கள்.

பன்றி இறைச்சி சாப்பிடாத வீடுகளில் எலும்பில்லாத கோழித் துண்டையோ, கனமான ஆம்லெட்டையோ அதே சாஸில் புரட்டி வைக்கலாம். ஹவாயிலும் கோழி, முட்டை முசுபிகள் உண்டு.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரு ஸ்பாம் துண்டிலேயே கிட்டத்தட்ட 600 மில்லி கிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கே 2,000-க்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகும் என்றும் அதன் ஆய்வு முகமை 2015-ல் அறிவித்தது. எனவே டின் கறி என்றைக்காவது ஒருநாள் மட்டும். சோற்றில் உப்பே வேண்டாம். இரண்டாவது, வெந்த சோற்றை நம் ஊர் வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் வைத்து, தாளைப் பிரித்து, நன்றாகச் சூடாக்கித்தான் சாப்பிட வேண்டும்.

ஸ்பாமை ஒரே ஒரு தடவை ருசி பார்த்ததோடு சரி. மகனுக்குக் கோழி வைத்து மூன்று முசுபி, பட்டர் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். ஆபீஸ் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லிப் பத்து தடவை படித்துப் படித்து அனுப்பினேன். காலையில் பையைத் திறந்தால், கசங்கிய மூன்று காகிதங்கள் மட்டும்.

"நாளைக்கு அஞ்சா வைம்மா. பக்கத்து சீட்டுக்காரன் ஒண்ணைப் பிடுங்கிட்டான்" என்றபடி தூங்கப் போனான். அரிசியை ஊறவைக்க எழுந்தேன்.