இரண்டு இன்ச் கூட்டினால் ஐந்து மைலா?

அமெரிக்காவின் தென்மாநில ஏரிகளில், படகு இறக்கும் துறைகளில் பல ஆண்டுகளாக ஒரு மந்திரம் ஓதப்படுகிறது: "வேகம் போதவில்லையா? பிட்சைக் கூட்டு." டெக்சாஸின் சாம் ரேபர்ன் ஏரியோ அலபாமாவின் கண்டர்ஸ்வில் ஏரியோ, எங்கும் இதே கதைதான். பாஸ் மீன் பிடிக்கும் படகுக்காரர் ஒருவர், "மணிக்கு எழுபது மைலைத் தாண்ட மாட்டேன் என்கிறது" என்று வாய் திறந்தால் போதும். பக்கத்தில் டிரெய்லரோடு நிற்பவர் 25 இன்ச் ப்ரொப்பல்லரைக் கழற்றிவிட்டு 27 மாட்டச் சொல்வார். எந்த வியாதிக்கும் ஒரே கஷாயத்தை நீட்டும் வைத்தியரின் தன்னம்பிக்கை அவர் முகத்தில் மின்னும்.

இந்த மந்திரத்துக்கு இவ்வளவு மவுசு வந்ததற்குக் காரணம் உண்டு. 1968-ல் ஃபாரஸ்ட் வுட் ஆர்கன்சா மாநிலத்தின் ஃப்ளிப்பின் என்ற சிற்றூரில் ரேஞ்சர் படகுகளைக் கட்டத் தொடங்கிய காலத்திலிருந்து, அவுட்போர்டு எஞ்சின்கள் ஆண்டுக்காண்டு பெருத்துக்கொண்டே வந்தன. இன்று பெரிய மீன்பிடிப் போட்டிகளில் 250 குதிரைத்திறன்தான் உச்ச வரம்பு. ஏறக்குறைய எல்லாருடைய 20, 21 அடி ஃபைபர் படகின் பின்னாலும் அதே 250 தொங்குகிறது. அதற்கு மேல் எஞ்சினைக் கூட்ட வழியில்லை. ஒரு நட்டைக் கழற்றினால் மாற்றிவிடக்கூடிய பொருள் ப்ரொப்பல்லர் ஒன்றுதான் என்பதால், பழி பாவமெல்லாம் அதன் தலையில் விழுகிறது.

முதலில் கணக்கு. பிட்ச் 25 இன்ச் என்றால், ப்ரொப்பல்லர் நழுவாமல் சுழன்றால் ஒரு சுற்றுக்கு 25 இன்ச் முன்னேறும் என்று பொருள். எஞ்சின் நிமிடத்துக்கு 5,900 சுற்று, கியர் விகிதம் 1.75 என்று வைத்துக்கொண்டால், ஏட்டில் வேகம் மணிக்கு 79.8 மைல். தண்ணீரில் பத்து சதவீதம் நழுவும். கைக்கு வருவது சுமார் 72. இப்போது துறைமேதை சொன்னபடி 27 மாட்டலாம். ஒரு இன்ச் பிட்ச் கூடினால் எஞ்சின் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்றை இழக்கும் என்பது கடைக்காரர்களே ஒப்புக்கொள்ளும் கணக்கு. இரண்டு இன்ச்சுக்கு 400 போனால் மிச்சம் 5,500. அதன் ஏட்டு வேகம் 80.4 மைல். நழுவல் அதே பத்து சதவீதத்தில் நின்றால் லாபம் அரை மைல். பன்னிரண்டுக்கு ஏறினால் பழையதைவிட ஒரு மைல் நஷ்டம். அந்த அரை மைலுக்காகப் படகு தண்ணீர்மேல் எழும்ப எடுக்கும் நேரம் நீளும். பாரம் ஏற்றினால் எஞ்சின் இன்னும் திணறும். யமஹாவின் 250 வி மேக்ஸ் எஸ்எச்ஓ எஞ்சினுக்கு முழு த்ராட்டிலில் 5,000 முதல் 6,000 சுற்று என்று நிறுவனமே வரையறுத்திருக்கிறது. மேல் வரம்பை நெருங்கவேண்டிய முள்ளைக் கீழே இழுத்துவிட்டு வேகத்தை எதிர்பார்க்கும் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

அடுத்து, அந்த 27 என்ற எண்ணையே நம்ப முடியாது. இறக்கையின் பின்விளிம்பில் சிறிய வளைவு ஒன்று இருக்கும், 'கப்' என்பார்கள். அதைக் கூட்டினாலே அரை இன்ச், ஒரு இன்ச் பிட்ச் கூட்டியதுபோல் எஞ்சின் பாரம் உணரும். ஒரு கம்பெனியின் 25 இன்னொரு கம்பெனியின் 26 போல நடந்துகொள்வது ப்ரொப்பல்லர் பட்டறைக்காரர்களுக்குப் பழைய செய்தி.

நான்கு இறக்கை என்றால் வேகம் குறையும், மூன்றே போதும் என்று கூடவே வரும் உபதேசத்துக்கு அதிகம் பதில் தேவையில்லை. மெர்க்குரியின் நான்கு இறக்கை பிராவோ ஒன் வேகமான பாஸ் படகுகளில் மாட்டப்படுவதைப் பார்க்கக் கண் இருந்தால் போதும்.

மந்திரக்காரர்கள் வாயே திறக்காத விஷயம் ஒன்று இருக்கிறது: எஞ்சின் எந்த உயரத்தில் தொங்குகிறது? பாஸ் படகின் அடிப்பாகம் பின்பக்கம் வரும்போது கூர்மையை இழந்து ஒரு தட்டையான பட்டையாக முடிகிறது. அதை 'பேட்' என்கிறார்கள். முழு வேகத்தில் படகு ஏறத்தாழ அந்தப் பட்டையின் மேல்தான் ஓடுகிறது. அப்போது தண்ணீருக்குள் இழுபட்டு வேகத்தைத் தின்பது எஞ்சினின் கியர் பெட்டி. வேகம் இரண்டு மடங்கானால் அந்த இழுவை ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதைக் குறைக்கத்தான் ஜாக் பிளேட் என்ற சாதனம். எஞ்சினைப் பின்பலகையிலிருந்து பல இன்ச் தள்ளி வைக்கும். தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும். படகு கடந்ததும் தண்ணீர் பின்னால் சற்றே மேலெழுவதால், தள்ளி வைத்த எஞ்சினை இன்னும் உயர்த்தலாம்.

பொதுவாக ப்ரொப்பல்லர் தண்டின் நடு, பேட்டுக்கு 3 முதல் 4 இன்ச் கீழே இருக்கும்படி தொடங்குவார்கள். அங்கிருந்து கால் இன்ச் கால் இன்ச்சாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஜிபிஎஸ் காட்டும் வேகம், எஞ்சின் சுற்று, குளிர்விக்கும் தண்ணீரின் அழுத்தம் மூன்றையும் குறிக்க வேண்டும். சுற்றும் வேகமும் சேர்ந்து ஏறும்வரை லாபம். சுற்று மட்டும் ஏறி வேகம் நின்றுவிட்டால், ப்ரொப்பல்லர் காற்றைக் கலக்கத் தொடங்கிவிட்டது. கியர் பெட்டியின் பக்கத்தில் தண்ணீரை உறிஞ்சும் துளைகள் தண்ணீருக்கு மேல் வந்து அழுத்த முள் விழுந்தால், எஞ்சின் வெந்துபோவதற்கு முன் இறக்கியாக வேண்டும். இந்த இரண்டு எல்லைக்கும் உள்ளேதான் அந்தப் படகின் உயரம் இருக்கிறது. மூக்கை அதிகம் தூக்கும் ப்ரொப்பல்லருக்கு ஒன்று, பின்பக்கத்தைத் தூக்குவதற்கு வேறொன்று.

விசித்திரம் என்னவென்றால், தாழ்ந்து கிடந்த எஞ்சினை இப்படி உயர்த்தினால் இழுவை குறைந்து சுற்று கூடும். சில படகுகளில் அது வரம்பைத் தாண்டிவிடும். அப்போது பிட்ச் கூட்டுவது நியாயம். துறையில் நிற்கும் மேதை இந்தக் கடைசிப் படியை மட்டும் எங்கோ கேள்விப்பட்டு, அதையே முதல் படியாக்கிவிட்டார்.

பாரக் கணக்கும் அவர் பார்ப்பதில்லை. சனிக்கிழமை தனியாளாக, கால் தொட்டி பெட்ரோலோடு எடுத்த வேகத்தைத்தான் ஊரெல்லாம் சொல்வார். பெட்ரோல் ஒரு கேலனுக்கு ஆறு பவுண்டு. ஐம்பது கேலன் தொட்டி நிறைந்தால் அதுவே 300 பவுண்டு. கூட ஒரு ஆள், ஐந்து மீன், மீன்தொட்டித் தண்ணீர் வேறு. பின்பக்கத்து மூன்று ஈய பேட்டரிகளை எடுத்துவிட்டு லித்தியம் வைத்தாலே படகின் எடைச் சமநிலை மாறிவிடும். அதே ப்ரொப்பல்லர், அதே உயரம், வேறு படகு. பாஸ்மாஸ்டர் போட்டிகளில் ஒரு நிமிடம் தாமதமாகத் திரும்பினால் மீன்களின் மொத்த எடையில் ஒரு பவுண்டு வெட்டு. மாலைக் காற்றில் அலையடிக்கும் ஏரியில், மீன்தொட்டி நிறைய, 27 இன்ச்சோடு படகை எழுப்ப முடியாமல் முனகும் எஞ்சினை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பவருக்கு, அந்த அரை மைல் எந்தப் பக்கக் கணக்கில் வரும் என்பதை மந்திரம் சொன்னவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.