விதைநெல்லும் பழைய லொறியும்



நாம் வாழும் எங்கடின் பள்ளத்தாக்கின் குளிரை அறியாதார் இலர். சமேடானில் சில இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையையும் தாண்டி இறங்கும். சென்ற பனிக்காலத்தில் அத்தகையதொரு காலையில், தம்பி ஒருவர் எமது கதவைத் தட்டினார். "மாஸ்ரர், லொறி ஸ்ராட் ஆகுதில்லை. ரெண்டு பற்றரியும் செத்துப் போச்சு" என்றார்.

அவரது லொறி, அமெரிக்க இராணுவத்துக்காக 1951 முதல் 1968 வரை உற்பத்தியான டொட்ஜ் எம்-37 வகையைச் சேர்ந்தது. ஹோட்டல் சமையலறையில் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில் அதை வாங்கி, கொத்துறொட்டி விற்கும் நடமாடும் கடையாக்கியிருந்தார். மார்ச் மாதத்தில் மலோயாவிலிருந்து புறப்படும் பனிச்சறுக்கு மரதனன்று கடை விரிப்பதே அவரது எண்ணம். குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் அந்த லொறியிலேயே இருந்தது.

நாம் கலைப்பட்டதாரி, மின்னியலைப் பள்ளிக் கணக்கின் அளவிலேயே அறிவோம். ஆயினும் "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது மூத்தோர் வாக்கன்றோ! தாளை எடுத்துக் கணக்கிட்டோம். லொறியின் டைனமோ 28 வோல்ற்றில் 25 அம்பியர் தரும்; அதாவது 700 வாற். தம்பி பூட்டியிருந்தவையோ விளக்குகளுக்கு 200, விசிறிக்கு 100, உணவைச் சூடாக வைத்திருக்கும் மின்பெட்டிக்கு 800. ஆக 1,100 வாற். ஓடும்போதே வரவிலும் செலவு மிகுதி. நின்றாலோ வரவே இல்லை. டைனமோ மெதுவாகச் சுழலும்போது பற்றரியை ஏற்றும் வலுவற்றது. கடுங்குளிரில் பற்றரியும் தன் கொள்ளளவில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடுகிறது.

இதே சிக்கலை இராணுவமும் சந்தித்தது. வானொலிக் கருவி ஏற்றிய வண்டி நின்றபடியே பேச வேண்டும். ஆகவே அத்தகைய வண்டிகளுக்கு 100 அம்பியர் தரும் பெரிய அமைப்புகள் பொருத்தப்பட்டன. டைனமோவுக்குப் பின்னர் அல்ரனேற்றர் வந்தது. டைனமோவில் முழு மின்னோட்டமும் சுழலும் சுருளிலிருந்து கரித்துண்டுகள் வழியே வெளியேறும். அல்ரனேற்றரிலோ அது அசையாத சுருளிலேயே பிறக்கிறது. கரித்துண்டுகள் சிறிதளவு மின்னையே கடத்துகின்றன. ஆதலால் அதனை வேகமாகச் சுழற்றலாம்; எஞ்சின் மெதுவாக ஓடினாலும் பயன் கிட்டும்.

"அப்ப 100 அம்பியர் ஒன்று பூட்டுவம் மாஸ்ரர்" என்றார் தம்பி. அது மட்டும் போதாது என்றோம். 100 அம்பியர் என்பது 2,800 வாற். அதைச் சுழற்ற எஞ்சினிலிருந்து ஐந்து குதிரைவலுவேனும் வேண்டும். ஒற்றைப் பட்டி வழுக்கும். பழைய மெல்லிய வயர் சூடேறித் தீப்பற்றும். தடித்த வயரும், பற்றரிக்கு அருகிலேயே பியூசும் இன்றியமையாதவை. மேலும், நிறுத்திய வண்டியின் எஞ்சினை வீணே ஓடவிடுதல் இந்நாட்டுச் சட்டப்படி குற்றம்.

1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போன நாட்கள் நினைவுக்கு வந்தன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். உற்பத்தி நின்ற இடத்தில் சேமிப்பே துணை என்பதை அன்றே கற்றோம்.

எமது கமக்காரர் எத்தகைய பஞ்சத்திலும் விதைநெல்லில் கைவைக்கமாட்டார். எஞ்சினைத் தொடக்கும் பற்றரியே லொறியின் விதைநெல். அதைத் தனியே பிரித்து, கடைக்கு வேறொரு சோடிப் பற்றரிகளை வைக்கச் சொன்னோம். ஓடும்போது இரண்டும் ஏறும். நின்றதும் இடையிலுள்ள றிலே அவற்றைப் பிரித்துவிடும். மின்பெட்டியை அகற்றி, காற்றோட்டத்துடன் எரிவாயு அடுப்பை வைத்தார். விளக்குகளை எல்.ஈ.டி. ஆக்கினார். செலவு 200 வாற்றுக்குள் அடங்கியது. பெரிய அல்ரனேற்றர் வாங்கும் தேவையே எழவில்லை.

பனிக்காலத்தில் பழைய வண்டி வைத்திருப்போர் இன்னுமொன்றையும் கவனிக்க வேண்டும். முற்றாக இறங்கிய பற்றரி குளிரில் உறைந்து வெடிக்கக்கூடும். உறைந்ததை ஒருபோதும் சார்ஜ் செய்யாதீர்கள்.

மரதனன்று மாலை, கடையை மூடிய தம்பி சாவியைத் திருப்பினார். லொறி முதல் முறையிலேயே உறுமி எழுந்தது. அவரது மனைவி எமக்கென எடுத்து வைத்திருந்த கொத்துறொட்டி அப்போதும் சூடாகவே இருந்தது.