கீற்றுகளை அடுக்குவது யார்?

இணைய உலாவியில் கீற்றுகள் எப்படித் திறக்க வேண்டும், எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் கணிப்பொறிக்காரர்களின் சில்லறைக் கவலை என இலக்கிய நண்பர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. வாசிப்பின் ஒழுங்கைத் தீர்மானிப்பது நம்முடைய விஷயம்தான். (ஃபயர்பாக்ஸ் தமிழில் 'கீற்று', வேறிடங்களில் 'தாவல்'. கூரைக்குக் கீற்று முடைந்த ஊர்க்காரனுக்கு முதற்சொல்லே உவப்பு.)

கட்டுரையின் நடுவே ஒரு சுட்டி வருகிறது. அதைப் புதிய கீற்றில் திறந்தால் பார்வை உடனே அங்கு போக வேண்டுமா, அல்லது அது பின்னால் காத்திருக்க, நாம் பத்தியை முடிக்க வேண்டுமா? அடிக்குறிப்பை உடனே புரட்டுபவர் உண்டு. அத்தியாயம் முடியும்வரை தொடாதவரும் உண்டு. ஃபயர்பாக்ஸின் அமைப்புகளில் இதற்கொரு தேர்வுப்பெட்டி இருக்கிறது. குரோமின் அமைப்புகளில் அப்படியொரு பெட்டியே இல்லை.

ஃபயர்பாக்ஸும் உத்தமனல்ல. கீற்றுகளைக் குழுக்களாகப் பிரிக்கும் 'பனோரமா' வசதியை 2011இல் தந்தது, 2016இல் பறித்தது. பயன்படுத்துவோர் மிகச் சிலர் என்பது சொல்லப்பட்ட நியாயம். கீற்றின் நடத்தையை நுணுக்கமாக மாற்றித்தந்த 'டேப் மிக்ஸ் பிளஸ்' நீட்சி, பழைய நீட்சிகளை மொத்தமாகக் கைவிட்ட 57ஆம் பதிப்போடு 2017 நவம்பரில் முடங்கியது. கீற்றுக்குழுக்கள் 2025இல் திரும்பி வந்தன. இடைப்பட்ட 9 ஆண்டுகளுக்கு யார் பதில் சொல்வது?

எங்கள் பக்கத்தவர்க்கு இந்தக் கதை பழக்கமானதுதான். 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து 2001இல் அரியலூரைத் தனியே எடுத்தார்கள். 2002இல் மீண்டும் சேர்த்தார்கள். 2007இல் மறுபடி பிரித்தார்கள். மனுவோடு ஜெயங்கொண்டத்தில் பேருந்து ஏறியவருக்கு அரியலூரில் இறங்கினால் போதும் என்றிருந்தது, ஓராண்டில் பெரம்பலூர்வரை நீண்டது. பிறகு மீண்டும் அரியலூருக்கே குறுகியது. அவரை யாரும் கேட்கவில்லை.

மாவட்டத்தையும் உலாவியையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். ஒப்பிடத்தான் வேண்டும். மாவட்ட எல்லையை ஆளுக்கொன்றாக வரைந்துதர எந்த அரசாலும் இயலாது. எல்லோருக்கும் ஒரே கோடுதான். உலாவிக்கு அந்த நெருக்கடி கிடையாது. அவரவர் திரையில் அவரவர் வரிசை இருந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் குறையாது. அப்படியிருந்தும் ஒற்றைக் கோட்டைத் திணிப்பவர்களை 'எளிமை' என்ற சொல்லுக்காக மன்னிக்க என்னால் முடியவில்லை.

'சிலருக்குத்தானே வேண்டும்' என்ற வாதத்தைச் சிற்றிதழ் வாசகர்களே சொல்வதுதான் வேடிக்கை. முந்நூறு பிரதி அச்சடித்து, அதிலும் பாதி விற்காமல், அடுத்த இதழுக்குத் தாள் வாங்கியவர்களின் வழி வந்தவர்கள் நாம்.