தொங்கும் பளு! தேயும் வடம்!

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்கு அருகே இருக்கிறது கும்மிடிப்பூண்டி. திருவள்ளூர் மாவட்டத்து ஊர்.

அங்கே "சிப்காட்" தொழிற்பேட்டை இருக்கிறது. பழைய இரும்பை உருக்கும் ஆலைகளும், கம்பி ஆலைகளும் அந்த வட்டாரத்தில் உண்டு.

இத்தகைய ஆலைகளில், தலைக்கு மேலே ஓடுவது கிரேன். அதாவது, பளு தூக்கும் எந்திரம். கூரையை ஒட்டித் தண்டவாளம். அதன் மேல் குறுக்காக ஒரு பாலம். பாலத்தில் இருந்து இரும்பு வடம் தொங்கும். வடத்தின் நுனியில் கொக்கி.

கொக்கியில் தொங்குவது பல டன் இரும்பு. சில நேரம், கொதிக்கும் இரும்புக் குழம்பு!

கீழே வேலை செய்கிறவர் யார்? காலையில் சோற்றுப் பாத்திரத்துடன் வீட்டை விட்டுப் புறப்பட்டவர். பிழைப்புத் தேடி வடநாட்டில் இருந்து வந்தவர்களும் உண்டு. அவர்கள் உயிருக்குக் காவல் எது? வடமும் பிரேக்கும்தான்.

32 பேர் சாவு

2007ஆம் ஆண்டு ஏப்ரல் 18ந் தேதி. சீனாவில் லியாவோனிங் மாகாணம். அங்கே ஓர் உருக்கு ஆலையில், 30 டன் குழம்பு நிறைந்த கொப்பரையைக் கிரேன் தூக்கிச் சென்றது. திடீரென்று கொப்பரை கீழே விழுந்தது.

அது, வேலை முறை மாறும் நேரம். பக்கத்து அறையில் தொழிலாளர்கள் கூடி இருந்தார்கள். குழம்பு அந்த அறைக்குள் பாய்ந்தது. 32 பேர் மாண்டார்கள்.

விசாரணை நடந்தது. அந்தக் கிரேன், உருக்குக் குழம்பு தூக்க ஏற்றது அல்ல என்று தெரிந்தது. கொப்பரை இறங்கியபோது, பிரேக் அதைப் பிடித்து நிறுத்தவில்லை.

நம் நாட்டிலும் விபத்து உண்டு. 2020 ஆகஸ்டு 1ந் தேதி, விசாகப்பட்டினம் கப்பல் கட்டும் தளத்தில், சோதனை ஓட்டத்தின்போது பெரிய கிரேன் ஒன்று சரிந்தது. 11 பேர் இறந்தார்கள்.

ஆண்டுக்கு ஒரு நாள் போதுமா?

கிரேனையும் வடத்தையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது, தகுதி பெற்றவர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் கூறியது. எவ்வளவு எடை தூக்கலாம் என்பதைக் கிரேனிலேயே எழுதி வைக்கவேண்டும் என்றும் கூறியது. 2025 நவம்பரில், அதன் இடத்துக்குப் புதிய சட்டத் தொகுப்பு வந்தது.

சட்டம் மாறலாம். வடம் தேய்வது மாறாது!

மெல்லிய கம்பிகளை முறுக்கினால் புரி. புரிகளை முறுக்கினால் வடம். ஒரு கம்பி அறுந்தால் பளு விழுந்துவிடாது. "ஒன்றும் ஆகவில்லையே" என்ற துணிச்சல் அப்போதுதான் வருகிறது. பிறகு இன்னொரு கம்பி அறும். உலையின் சூடும் தூசியும் தேய்மானத்தைக் கூட்டும்.

ஆகவே, தினமும் பார்க்கவேண்டும். சில நிமிட வேலைதான்.

வடத்தில் கம்பி அறுந்திருக்கிறதா? துருவோ, நசுங்கலோ உண்டா? கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா? வெறும் கொக்கியை மெதுவாக மேலே ஏற்றினால், உச்சியில் தானாக நிற்கிறதா? பளுவை ஒரு சாண் தூக்கி நிறுத்தினால், பிரேக் பிடிக்கிறதா?

நிறுத்தச் சொல்வது யார்?

கோளாறு தெரிகிறது. பிறகு என்ன?

உலையில் இரும்பு கொதிக்கிறது. கிரேனை நிறுத்தினால் உற்பத்தி நின்றுபோகும். "இன்று ஓட்டு, நாளை பார்க்கலாம்" என்று மேலாள் சொன்னால், கிரேன் ஓட்டுபவர் என்ன செய்வார்? வேலை போய்விடுமோ என்று அஞ்சுவார்.

இந்த அச்சம் போகவேண்டும். ஓட்டுபவர் "வேண்டாம்" என்றால் கிரேன் நிற்கவேண்டும். அதற்காக அவருடைய கூலி குறையக் கூடாது. எச்சரிக்கைகளை இந்தியிலும் ஒடியாவிலும் சொல்லவேண்டும்.

சுவரில் மாட்டிய சான்றிதழ் பளுவைத் தாங்காது. வடம்தான் தாங்கவேண்டும்.

புது வடத்துக்குச் செலவு ஆகும். ஆனால், மாலையில் அந்தச் சோற்றுப் பாத்திரம் வீடு திரும்பவேண்டும். அதைக் கொண்டு போனவரும் திரும்பவேண்டும்!