ஓடினால் கர்ப்பப்பை இறங்கி விடுமா?

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி கோ-கோ குழுவில் இருக்கிறாள். சென்ற ஆவணியில் பெரிய மனுஷியானாள். சடங்கு முடிந்து சொந்தக்காரர்கள் ஊர் திரும்பிய மறுநாளே என் மாமியார், "இனிமே ஓடறது, குதிக்கிறது எல்லாம் வேணாம். கர்ப்பப்பை எறங்கிடும், நாளைக்குப் புள்ள தங்காது" என்று சொல்லி விட்டார். என் கணவரும், "அம்மா சொல்றது சரிதானே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இதே வார்த்தையை இதே வயதில் நானும் கேட்டவள்தான். கோ-கோவில் எங்கள் பள்ளிக்குக் கோப்பை வாங்கித் தந்த குழுவில் நானும் ஒருத்தி. அதன் பிறகு தாயம், பல்லாங்குழி என்று வீட்டுக்குள் உட்கார வைத்து விட்டனர். பல்லாங்குழியைக் குறை சொல்லவில்லை. ஆனால், அதை உட்கார்ந்துதானே ஆட முடியும்!

மகளைக் குழுவிலிருந்து எடுத்து விடச் சொல்லப் பள்ளிக்குப் போனேன். விளையாட்டு டீச்சர் சிரித்தார். "உங்க மாமியார் மட்டுமா சொன்னாங்க? வெள்ளைக்கார டாக்டருங்களே இதைத்தாம்மா சொன்னாங்க" என்று அவர் சொன்ன விஷயங்கள் எனக்குப் புதிது.

1928ல், ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல் முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்களாம். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் ஓடி ஜெயித்தார். ஓடிய களைப்பில் சிலர் தரையில் சாய்ந்ததைப் பத்திரிகைகள் பெரிதுபடுத்த, 'பெண் உடம்பு தாங்காது' என்று அந்த ஓட்டத்தையே எடுத்து விட்டனர். மறுபடி வந்தது, 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான். ஏன், ஆம்பளைங்க ஓடி முடித்துக் கீழே விழுவதில்லையா? அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில், 1967ல் ஓடிக் கொண்டிருந்த கேத்ரின் ஸ்விட்சரை, போட்டி அதிகாரியே பாதியில் பிடித்து இழுத்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே 1984ல்தான். அதே ஒலிம்பிக்கில்தான் நம் பி.டி.உஷா, நூறில் ஒரு பங்கு வினாடியில் பதக்கத்தை விட்டார்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் உஷா கதையைத்தான் சொன்னேன். "அந்தம்மா கல்யாணம் பண்ணி, பையனைப் பெத்த பிறகும், 1998ல் ஆசியப் போட்டியில பதக்கம் வாங்கினாங்க அத்தை" என்றேன். பதில் இல்லை. "நீங்க நிறைமாசத்துல நாத்து நட்டீங்களே, இடுப்புல ஒண்ணு, தலையில ஒண்ணுன்னு குடம் தூக்குனீங்களே, அப்ப எறங்கலையா?" என்று கேட்டு விட்டேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

வெகு நேரம் கழித்து, "அது வேலைடி, இது ஆட்டம். அரை டவுசர் போட்டுக்கிட்டு ஓடினா தெருவுல நாலு பேரு என்ன சொல்லுவான்?" என்றார். அப்போதுதான் விஷயமே வெளியே வந்தது. கர்ப்பப்பை பாவம், வெறும் சாக்கு!

அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடமும் காட்டினேன். "ரத்தசோகை வராம கீரை, முட்டை குடுங்க; தாராளமா ஓடட்டும்" என்றார். டீச்சரிடம் பேசி, முழுக்கால் பேன்ட்டுக்கு ஏற்பாடு செய்தேன். இப்போது தினமும் காலை 6:00 மணிக்குப் பயிற்சிக்குப் போகிறாள். மாமியார் இன்னும் சரியென்று சொல்லவில்லை. ஆனால், கேழ்வரகுக் கூழ் மட்டும் 5:30க்கே தயாராக இருக்கிறது. என் கணவர்தான் பிடி கொடுக்காமல் இருக்கிறார். வெளியூர்ப் போட்டிக்கு அவர் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் வீட்டில் எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று எழுதுங்களேன், சகோதரிகளே!

— ஒரு வாசகி, திண்டுக்கல்.